ஐரோப்பிய நதிகளிலும் கால்வாய்களிலும் படகோட்ட: எங்கே மின்வரைபடம், எங்கே அச்சு வழிகாட்டி

மின்வரைபடமா, அச்சுப் புத்தகமா என்று முடிவு செய்யுமுன் போகப்போகும் நீர்வழி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று பாருங்கள். ஐரோப்பாவின் உள்நாட்டு நீர்வழிகளுக்கு 1992இல் வகுப்புகள் வரையறுக்கப்பட்டன. முதல் வகுப்பு என்பது 38.5 மீட்டர் நீளமும் 5.05 மீட்டர் அகலமும் கொண்ட சரக்குப் படகு போகும் சிறு கால்வாய். பிரான்ஸின் பழைய கால்வாய்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான். 1879ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரின் பெயரால் ‘ஃப்ரேசினே அளவு’ என்பார்கள். ஐந்து-ஏ வகுப்பு என்றால் 95 முதல் 110 மீட்டர் நீளமும் 11.4 மீட்டர் அகலமும் உள்ள கப்பல் ஓடும் பெரிய வழி. ரைன், டான்யூப், கீழ் செய்ன், ரோன் எல்லாம் இதற்கும் மேலே வருகின்றன.

இந்த வகுப்பைப் பொறுத்துத்தான் அரசு மின்வரைபடம் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005/44 எண் நெறிமுறை, ஐந்து-ஏ வகுப்பும் அதற்கு மேலும் உள்ள நீர்வழிகளுக்கு மின்வரைபடம் தயாரித்துக் கொடுப்பதை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நெதர்லாந்து போன்ற நாடுகள் கட்டாயத்தைத் தாண்டியும் வெளியிடுகின்றன. பிரான்ஸின் சிறு கால்வாய்களுக்குப் போனால் அரசு மின்வரைபடம் பெரும்பாலும் கிடையாது. அங்கே உங்கள் டேப்லெட்டில் தெரியும் படம் வணிக நிறுவனம் வரைந்ததாகவோ தன்னார்வலர்கள் சேர்த்ததாகவோ இருக்கும். நீர்ப்பூட்டு (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) எங்கே என்பது சரியாக இருக்கலாம். கரையோரம் ஆழம் எவ்வளவு, எந்தப் பக்கம் படகைக் கட்டலாம் என்பதெல்லாம் உத்தரவாதமில்லை.

ஆக, பெரிய நதியில் மின்வரைபடத்தை முதலாகவும் புத்தகத்தைத் துணையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சிறு கால்வாயில் இது தலைகீழ். இரண்டும் கலந்த பயணத்தில், எந்த நீர்ப்பூட்டுக்கு அப்பால் எது முதல் என்று புறப்படும் முன்பே குறித்துவிடுவது நல்லது.

அரசு மின்வரைபடத்தை இலவசமாக ஏற்றுவது

உள்நாட்டு மின்வரைபடங்கள் கடல் வரைபடங்களின் எஸ்-57 வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டவை. கோப்பின் பெயர் ‘.000’ என்று முடியும். ஜெர்மனியில் அரசு நீர்வழித் துறையின் எல்விஸ் தளம், நெதர்லாந்தில் அரசு அமைப்பான ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்டின் நீர்வழித் தகவல் தளம், பிரான்ஸில் நீர்வழிகளை நிர்வகிக்கும் வி.என்.எஃப்., ஆஸ்திரியாவில் நீர்வழி நிறுவனமான வியாடோனாவ் ஆகியவை இவற்றைக் கட்டணமின்றித் தருகின்றன. 2022இல் தொடங்கிய யூரிஸ் தளம் 13 நாடுகளின் தகவலை ஒரே இடத்தில் சேர்க்கிறது. பல நாடுகளைக் கடப்பவர்கள் அங்கிருந்து தொடங்குவதே சுலபம்.

இந்தக் கோப்புகளைத் திறக்க ஓப்பன்-சி.பி.என். என்ற இலவச மென்பொருள் போதும்.

1. போகும் நீர்வழிக்கான கோப்புகளை இறக்கி, நாட்டுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து, ஜிப்பை விரித்து வையுங்கள். ஜிப்பை அப்படியே காட்டினால் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது.

2. ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘சார்ட்ஸ்’ பிரிவில் ‘சார்ட் ஃபைல்ஸ்’ போய், ‘ஆட் டைரக்டரி’ வழியாக அந்தக் கோப்புறைகளைச் சேருங்கள். தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் பெட்டியில் டிக் செய்து ஓகே கொடுங்கள்.

3. எல்லா வரைபடங்களையும் முன்கூட்டியே தயார் செய்யும் பொத்தானை அழுத்துங்கள். நேரம் எடுக்கும், கரையில் மின்னிணைப்பு இருக்கும்போதே செய்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால், ஓடும்போது ஒவ்வொரு புதிய படத்துக்கும் திரை சற்று நின்று நின்று வரும்.

4. அலகுகள் பகுதியில் தூரத்தைக் கிலோமீட்டராகவும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டராகவும் ஆழத்தை மீட்டராகவும் மாற்றுங்கள். உள்நாட்டு நீர்வழியில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, கிலோமீட்டர் கல், வானொலி அறிவிப்பு எதிலும் நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கு வராது.

5. வெக்டர் காட்சி அமைப்பில் ‘ஆல்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். சிறிய அளவில் விவரம் குறைக்கும் அமைப்பு தனியாக இருக்கும். அதை அணைத்துப் பாருங்கள்.

கடைசிப் படியைப் பலர் தவறவிடுகிறார்கள். மின்வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘இந்த அளவுக்குக் கீழே காட்டாதே’ என்ற குறிப்பு இருக்கும். படத்தைச் சுருக்கியதும் தாழ்ந்த பாலம், மூழ்கிய தடுப்பணை, தடைப் பலகை எல்லாம் திரையிலிருந்து மறையும். மறைந்தது இல்லாமல் போய்விடவில்லை. வழித்திட்டம் போடும்போது ஒருமுறை முழு வழியையும் பெரிதாக்கிய நிலையில் நகர்த்திப் பார்த்தே தீர வேண்டும்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கடல் வரைபடம் பழகியவர்கள் நீல நிறப் படிகளைத் தேடுவார்கள். உள்நாட்டு மின்வரைபடங்கள் பலவற்றில் கரை, கப்பல் தடத்தின் எல்லை, மிதவை, பாலம், பலகை ஆகியவை மட்டுமே இருக்கும். ஆழ அளவீடு சில பகுதிகளுக்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. திரையில் எங்கும் ஒரே நிறமாகத் தெரிந்தால் எங்கும் ஒரே ஆழம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் படத்தில் ஆழத் தகவலே இல்லை என்றுதான் பொருள்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது

பிரான்ஸுக்கு ப்ரேய் பதிப்பகத்தின் வழிகாட்டிகளும் ஃப்ளூவியாகார்ட் தொடரும் பழக்கமானவை. ப்ரேய் புத்தகங்கள் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என மும்மொழியில் வருகின்றன. நெதர்லாந்தில் ஏ.என்.டபிள்யூ.பி. அமைப்பு தாள் வரைபடங்களையும் வாட்டர் அல்மனாக்கையும் வெளியிடுகிறது. அல்மனாக்கின் முதல் பாகம் விதிநூல். இரண்டாம் பாகம் பாலம், நீர்ப்பூட்டு திறக்கும் நேரங்களும் துறைமுக விவரங்களும். நெதர்லாந்தில் சிறு திறந்த படகு தவிர மற்றவற்றில் விதிநூலின் நடப்புப் பிரதி இருக்க வேண்டும் என்பதால் முதல் பாகத்தை வாங்குவது பெரும்பாலானோர் வழக்கம். ரைனில் எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய மின்பிரதியும் செல்லும்.

வழிகாட்டிப் புத்தகத்தின் பலம் வரைபடத்தை விடக் குறிப்புகளில் இருக்கிறது. குடிநீர்க் குழாய் எந்தக் கரையில், படகுத்துறையின் சுவரோரம் எவ்வளவு ஆழம், அடுத்த எரிபொருள் நிலையம் எத்தனை கிலோமீட்டர், நீர்ப்பூட்டைத் தொங்கும் கோலைத் திருகி இயக்க வேண்டுமா அல்லது ரிமோட் வாங்க வேண்டுமா: இந்தத் தகவலெல்லாம் அரசு மின்வரைபடத்தில் பெரும்பாலும் இராது. வணிகச் செயலியில் இருந்தாலும் யார், எப்போது எழுதியது என்று தெரியாமல் இருக்கும். பிரான்ஸின் சிறு கால்வாய்களில் நீர்க்கரையிலேயே டீசல் கிடைக்கும் இடம் அரிது. இந்த ஒரு தகவலுக்காகவே புத்தகத்தின் விலையைக் கொடுக்கலாம், அது நடப்புப் பதிப்பாக இருந்தால்.

பதிப்பு பழையதாகும்போது எல்லாம் ஒரே வேகத்தில் காலாவதியாவதில்லை. நீர்ப்பூட்டு, சுரங்கம், பாலம் பல்லாண்டு அப்படியே இருக்கும். எரிபொருள், கடை, தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியவைதான் முதலில் பொய்க்கும். பழைய புத்தகம் கையில் இருந்தால் முதல் வகையை நம்புங்கள், இரண்டாம் வகையைத் தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள்.

பெயர் மாற்றமும் குழப்பும். மார்ன்–சோன் கால்வாய்க்கு இன்று ‘ஷாம்பேன்–பர்கண்டி இடைக் கால்வாய்’ என்று பெயர். பழைய ‘கிழக்குக் கால்வாய்’ இரண்டாகி, வடகிளை மியூஸ் கால்வாய் என்றும் தென்கிளை வோஜ் கால்வாய் என்றும் ஆனது. புத்தகத்தில் ஒரு பெயர், வி.என்.எஃப். அறிவிப்பில் வேறு பெயர் என்றால் அறிவிப்பு உங்கள் வழியைப் பற்றியது என்றே தெரியாமல் போகும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் புதுப் பெயரை எழுதி வையுங்கள்.

இரண்டையும் இணைப்பது கிலோமீட்டர் எண்

மின்வரைபடத்துக்கும் புத்தகத்துக்கும் கரையில் நிற்கும் கல்லுக்கும் பொதுவானது கிலோமீட்டர் எண்தான். படகு வானொலியில் இடத்தைச் சொல்வதும் அதை வைத்தே. ஆனால் எண் எந்தத் திசையில் ஏறுகிறது என்பது நீர்வழிக்கு நீர்வழி மாறும். ரைனில் கான்ஸ்டன்ஸ் பாலம் பூஜ்யம். நீரோட்டத்தோடு போகப் போக எண் ஏறும். டான்யூபில் கருங்கடலோர சுலினா பூஜ்யம்; எதிரோட்டத்தில் போனால்தான் ஏறும். ரைனிலிருந்து மைன் வழியாக டான்யூபுக்குப் போகும் படகை எடுத்துக்கொள்ளுங்கள். மைனின் வாயில் பூஜ்யத்தில் தொடங்கி பாம்பெர்க் அருகே 384 வரை எண் ஏறும். அங்கே 1992இல் திறந்த மைன்–டான்யூப் கால்வாய் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கி கெல்ஹைமில் 171 ஆகும். கெல்ஹைமில் டான்யூபில் இறங்கியதும் எண் சுமார் 2411; அங்கிருந்து குறைந்துகொண்டே வரும்.

வழித்திட்டத் தாளில் ஊர்ப்பெயரோடு நீர்வழியின் பெயர், கிலோமீட்டர், எந்தக் கரை என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். நீரோட்டத்தின் திசையில் முகம் வைத்து நின்றால் வலக்கை பக்கம் வலக்கரை. எதிரோட்டத்தில் போகும்போதும் அதே வலக்கரைதான். அப்போது அது உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும். மிதவைகளும் இப்படியே: வலக்கரைப் பக்கம் சிவப்பு, இடக்கரைப் பக்கம் பச்சை. நதியில் மேல்நோக்கிப் போகும்போது சிவப்பு இடப்பக்கம் வரும்.

புத்தகப் பக்கங்களில் வடக்கு எப்போதும் மேலே இருக்காது. கால்வாய் பக்கத்துக்குள் அடங்குவதற்காக வரைபடம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். வடக்கு அம்பு பக்கத்துக்குப் பக்கம் மாறும். திரையில் வடக்கு மேலாகவும் கையில் புத்தகம் வேறு திசையிலுமாக வைத்துக்கொண்டு திருப்பத்தில் குழம்புவது சகஜம். திரையைப் போகும் திசை மேலே வரும்படி அமைத்து, புத்தகத்தையும் அதே திசைக்குத் திருப்பிப் பிடித்தால் இரண்டும் ஒத்துப்போகும். நீர்ப்பூட்டுக்குள் நிற்கும்போது மட்டும் வடக்கு மேலே இருக்கட்டும். நின்ற படகுக்கு ஜி.பி.எஸ். திசை தெரியாது, படம் தாறுமாறாகச் சுழலும்.

பாலத்தின் உயரம் எந்த நீர்மட்டத்துக்கு?

பாலத்தடியில் கூரை உரசுவது பெரும்பாலும் எண்ணைப் பார்க்காததால் நடப்பதில்லை. எண் எந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தது என்று பார்க்காததால்தான். ஜெர்மன் நதிகளில் பால உயரம் பொதுவாகக் கப்பல் போக்குவரத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச நீர்மட்டத்திலிருந்து சொல்லப்படும். சாதாரண நாளில் அதைவிட அதிக இடம் இருக்கும். நெதர்லாந்தில் நாப் என்ற தேசிய மட்டத்திலிருந்தோ உள்ளூர்க் கால்வாய் மட்டத்திலிருந்தோ சொல்லப்படும். ஓப்பன்-சி.பி.என்.இல் பாலத்தின் மேல் வலது சொடுக்கி விவரம் கேட்டால் செங்குத்து இடைவெளியோடு எந்த மட்டம் என்ற வரியும் வரும். புத்தகத்தில் இது முன்னுரையில் ஒரே ஒரு வாக்கியமாக ஒளிந்திருக்கும்.

வளைவுப் பாலத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சொல்லப்படும் உயரம் நடுவில் உள்ளது. தெற்கு பிரான்ஸின் மிடி கால்வாயில் உள்ள பழைய கல் பாலங்களில் அகலமான கூரையுள்ள படகு நடுவில் நேராக நுழைந்தாலும் ஓரங்கள் இடிக்கும். உங்கள் படகுக்கு ஒற்றை உயரம் போதாது. நீர்மட்டத்திலிருந்து உச்சிவரை எவ்வளவு, கூரையின் இரு ஓரங்கள் எவ்வளவு உயரத்தில் எவ்வளவு அகலத்தில் என்று குறுக்குவெட்டாக வரைந்து சுக்கான் அருகில் ஒட்டுங்கள். எரிபொருள், தண்ணீர்த் தொட்டிகள் காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும். அப்போதுதான் படகு அதிகம் மிதந்து உயரமாக நிற்கும். ஆன்டெனா, விளக்குக் கம்பம், வெயில் கூரைச் சட்டம் மூன்றையும் மறக்காதீர்கள். அதோடு 20 சென்டிமீட்டர் சேர்த்து வைத்துக்கொண்டால் எதிரே வரும் படகின் அலையும் அடங்கிவிடும்.

இரண்டிலும் இல்லாதவை

இன்றைய நீர்மட்டமும் இன்றைய அடைப்பும் எந்த வரைபடத்திலும் இல்லை. ரைன் கரையிலுள்ள காவ்ப் ஊரின் நீர்மட்ட அளவியைப் பார்ப்போம். அளவியில் 150 சென்டிமீட்டர் என்றால் ஆழம் ஒன்றரை மீட்டர் என்று அர்த்தமில்லை. அந்தப் பகுதியில் கப்பல் தடத்துக்கு உறுதியளிக்கப்பட்ட ஆழம் 1.90 மீட்டர், அது ‘சமமதிப்புக் குறைநீர்மட்டம்’ என்ற அடிப்படை மட்டத்தில் கிடைப்பது. 2012 அட்டவணையில் காவ்புக்கு அது 78 சென்டிமீட்டர். அன்றைய அளவியிலிருந்து அதைக் கழித்தால் 72, 1.90 மீட்டரோடு கூட்டினால் 2.62 மீட்டர். இந்த அடிப்படை மட்டம் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும். கணக்குப் போடும் முன் எல்விஸில் நடப்பு எண்ணை எடுங்கள். வெள்ளத்தின் பக்கமும் குறிகள் உண்டு. கொலோனில் 6.20 மீட்டரில் முதல் குறி, கட்டுப்பாடுகள் தொடங்கும், 8.30இல் இரண்டாம் குறி, போக்குவரத்து நிற்கும்.

அடைப்புகளுக்குப் படகோட்டிகளுக்கான அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். யூரிஸில் வழியைக் கொடுத்தால் அதற்குரியவற்றைப் பிரித்துத் தரும். எல்விஸில் மின்னஞ்சல் சந்தா உண்டு. பிரான்ஸில் பராமரிப்பு அடைப்புக்கு ‘ஷோமாஜ்’ என்று பெயர். பெரும்பாலும் குளிர்காலப் பகுதியில் வரும், வாரக்கணக்கில் நீளும். கோடை வறட்சியில் சிறு கால்வாய்களின் உச்சிப் பகுதி நீரின்றி ஆழம் குறைக்கப்படும் அல்லது மூடப்படும். வாடகைப் படகுக்காரர் சொல்வார் என்று காத்திராதீர்கள். இருந்த நிலையைத்தான் புத்தகம் சொல்லும். பெரும்பாலான செயலிகளும் அப்படியே.

நேரக் கணக்கிலும் செயலியை நம்ப முடியாது. பொதுவான வழித்திட்டச் செயலிகள் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்கின்றன. சிறு கால்வாயில் மணிக்கு 6 கிலோமீட்டர், நீர்ப்பூட்டு ஒன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 30 கிலோமீட்டரும் 20 நீர்ப்பூட்டும் உள்ள நாளுக்கு ஓட்டம் 5 மணி, நீர்ப்பூட்டுகளில் 5 மணி. செயலி 5 மணி என்று காட்டும். நடுப்பகல் மூடும் நேரத்தையும் சேர்த்தால் அந்த நாளில் முடியாது. நெதர்லாந்தில் நீர்ப்பூட்டு குறைவு, பாலம் அதிகம். அலுவலக நேர நெரிசலில் சாலைப் பாலங்கள் திறக்காது, ரயில் பாலங்கள் அட்டவணைப்படி மட்டுமே திறக்கும். இங்கே ஏ.என்.டபிள்யூ.பி.யின் செயலி உண்மையிலேயே உதவும். பாலத்தைத் தொட்டால் அன்றைய நேரம் வரும். அதன் படங்களைக் கைபேசிச் சிக்னல் இருக்கும்போதே கருவிக்குள் இறக்கிவிடுங்கள்.

கருவி

வை-ஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். சில்லு கிடையாது, சிம் உள்ள வகையை வாங்குங்கள் அல்லது தனி ஜி.பி.எஸ். பெறுவி இணையுங்கள். நேரடி வெயிலில் டேப்லெட் சூடேறி, முதலில் திரை மங்கி, பிறகு அணையும். ஆப்பிள் குறிப்பிடும் சூழல் வெப்ப வரம்பே 35 டிகிரிதான். கருப்பு உறையில் போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் பொருத்துங்கள். முழு வெளிச்சத் திரையும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்தால் பழைய யு.எஸ்.பி. சாக்கெட்டின் மின்சாரம் போதாது, சார்ஜ் ஏறிக்கொண்டே இறங்கும். 12 வோல்ட்டில் 20 வாட்டுக்குக் குறையாத யு.எஸ்.பி.-சி சாக்கெட் வேண்டும்.

மலை இடுக்குகளிலும் ஆழமான நீர்ப்பூட்டுச் சுவர்களுக்கு நடுவிலும் இடக்குறி விலகும். பர்கண்டி கால்வாயின் 3.3 கிலோமீட்டர் பூயி சுரங்கத்தில் முற்றிலும் போய்விடும். இணையம் வழியாக வரும் ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தம் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவி) தகவல் தாமதமானது, சரக்குப் படகு திரையில் காட்டும் இடத்தில் இருக்காது. ரைனில் 20 மீட்டருக்குக் குறைந்த உல்லாசப் படகுக்கு ஏ.ஐ.எஸ். கட்டாயமில்லை என்பதால் உங்களையும் மற்றவர்கள் திரையில் பார்க்கமாட்டார்கள். எதிரோட்டத்தில் வரும் கப்பல் நீலப் பலகையும் வெள்ளை மின்னொளியும் காட்டினால் வலப்பக்கத்தோடு வலப்பக்கமாகக் கடக்கக் கேட்கிறது. இதைக் கண்ணால்தான் பார்க்க முடியும். கரைப் பலகை ஒன்றும் திரை வேறொன்றும் சொன்னால் பலகையே சட்டம்.

புத்தகத்துக்கும் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். அன்றைய பக்கங்களைக் கிளிப்பால் பிடித்து ஒளிபுகும் நீர்புகா உறையில் வைத்து, அதன் மேல் அழிக்கக்கூடிய பேனாவால் கடந்த நீர்ப்பூட்டுகளைக் குறித்துக்கொண்டே போங்கள். டேப்லெட் அணைந்த நிமிடத்தில் நீங்கள் எங்கே என்று தெரிய அந்தக் குறி ஒன்றே போதும்.

கடைசியாக ஒரு எல்லை. எல்பேயில் கீஸ்டாக்ட் அணைக்குக் கீழே, செய்னில் போஸ் அணைக்குக் கீழே, ஷெல்டில் கெண்ட் நகருக்குக் கீழே ஓதம் (கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) வருகிறது. கடல் நோக்கிப் போகப் போக உள்நாட்டு வழிகாட்டி போதாது; ஆழம் கடல் வரைபட அடிமட்டத்துக்கு மாறும், ஓத அட்டவணை வேண்டும். ஓப்பன்-சி.பி.என்.இல் அதற்குரிய கடல் வரைபடங்களை வேறு கோப்புறையில் ஏற்றி, அந்த எல்லையின் கிலோமீட்டர் எண்ணைச் சிவப்பில் குறித்து வையுங்கள்.